நீல்ஸ் பொலின்: மூன்று முனைப் பட்டியின் கதை

நான் மதிக்கும் பொறியாளர்களில் ஒருவர் நீல்ஸ் பொலின். 1920ல் சுவீடனின் ஹெர்னோசாண்டில் பிறந்தவர். சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் போர் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்தார். 1958ல் வோல்வோவில் சேர்ந்தார்.

அன்று சீட் பெல்ட் இருந்த கார்களிலும் பெரும்பாலும் அது வயிற்றைச் சுற்றும் ஒரு பட்டிதான். வேகமான மோதலில் மேலுடல் முன்னே பாயும். பட்டி வயிற்றில் அழுந்தி உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை.

விமானி எத்தனை பட்டிகளையும் பொறுத்துக்கொள்வார், கார் ஓட்டுபவர் பொறுக்கமாட்டார் என்பது பொலினுக்குத் தெரியும். ஆகவே மார்புக்குக் குறுக்கே ஒன்று, இடுப்புக்குக் குறுக்கே ஒன்று. இரண்டும் இருக்கையின் பக்கத்தில், தாழ்வாக ஓரிடத்தில் சேரும். பூட்ட ஒரு கை போதும். 1959ல் அது கார்களில் வந்தது. காப்புரிமையை வோல்வோ மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது.

ஆனாலும் மக்கள் அணியத் தயங்கினார்கள். 28,000 விபத்துகளை ஆராய்ந்த அறிக்கையை 1967ல் அவர் முன்வைக்க வேண்டியிருந்தது. 2002ல், 82 வயதில் மறைந்தார்.

பின் இருக்கையில் பெல்ட் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இவர் கதையைத்தான் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பட்டியைத் தேடி இழுக்கிறார்கள்.