ஊசி முனையில் மலர்ந்த பணி
புனித மரிய மசரெல்லோவின் வாழ்வு

வட இத்தாலியில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் மோர்னேசே. அங்கு 1837-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், உழவர் குடும்பமொன்றின் மூத்த மகளாய்ப் பிறந்தார் மரிய தொமினிக்கா மசரெல்லோ. தோட்ட வேலையில் ஆண்களுக்கு ஈடுகொடுத்த உடல்வலிமை அவருக்கு இருந்தது.

1860-இல் ஊரில் கொடிய காய்ச்சல் பரவியது. நோயுற்ற உறவினருக்குப் பணிவிடை செய்யும்படி ஊர்க் குருவானவர் கேட்டுக்கொண்டார். தமக்கும் நோய் தொற்றும் என்று உணர்ந்தே மரியா சென்றார். அவ்வாறே தொற்றியது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய வலிமை திரும்பவில்லை.

தோட்ட வேலைக்கு இனி உதவாத கைகளில் அவர் ஊசியை எடுத்தார். தோழி பெத்ரொனில்லாவுடன் ஊர்த் தையற்காரரிடம் தொழில் கற்றார். தமக்குப் பிழைப்புத் தேடுவது மட்டும் அவர் நோக்கமன்று. ஊர்ச் சிறுமிகளுக்குத் தையலையும், அதனூடே செபத்தையும் நல்லொழுக்கத்தையும் கற்பிக்க விரும்பினார். தாயை இழந்த இரு சிறுமிகளை அவர்கள் தந்தை கொண்டுவந்து ஒப்படைக்கவே, தையற்கூடம் இல்லமாகவும் மாறியது.

1864-இல் மோர்னேசே வந்த புனித தொன் போஸ்கோ இப்பணியைக் கண்டார். 1872 ஆகஸ்ட் 5-ஆம் நாள், சலேசிய சகோதரிகள் சபை உதயமாயிற்று. ஆனால் சபைக்குக் கிடைத்த கட்டடமோ, தங்கள் ஆண்பிள்ளைகளின் கல்லூரிக்கென ஊரார் பாடுபட்டு எழுப்பியது. ஊரார் மனம் கசந்தனர். வறுமையும் வாட்டியது. மரியாவோ எவரையும் நோகவில்லை; முகமலர்ச்சியும் குன்றவில்லை. முப்பது வயதைக் கடந்த பின்னரே எழுதக் கற்ற அவர், சபைத் தலைவியாய்க் கடல் கடந்த சகோதரிகளுக்கும் கடிதம் எழுதினார். 1877-இலேயே சகோதரிகள் உருகுவாய் நாட்டுக்குப் புறப்பட்டிருந்தனர்.

1881 மே 14-ஆம் நாள், தமது 44-ஆம் வயதில், நீசா நகரில் இறைவனடி சேர்ந்தார். 1951-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய புதல்வியர் 1922-இல் தஞ்சையில் காலடி வைத்து, நம் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கும் பணி செய்யத் தொடங்கினர்.

அன்பர்களே, படிப்பு நின்று வீட்டோடு முடங்கிய பெண்பிள்ளை நம் தெருவிலும் இருக்கலாம். அவளுக்கு நாம் இரக்கம் மட்டும் காட்டினால் போதாது. அவள் கையில் ஒரு தொழிலையும் நெஞ்சில் துணிவையும் தருவோம். உடல் தளர்ந்த ஒரு கிராமத்துப் பெண் ஓர் ஊசியைக் கொண்டு இதைத் தொடங்கினார் என்றால், நம்மால் இயலாது என்று நாம் எப்படிச் சொல்வோம்?