மலையைத் துளைத்துத் தண்ணீர் கொண்டு வந்த பென்னிகுயிக்

மலைக்கு அந்தப் பக்கம் பேய் மழை. இந்தப் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லை.

அந்தக் காலத்து மதுரைச் சீமையின் நிலைமை இதுதான். மலையில் பெய்த மழையெல்லாம் பெரியாற்றில் ஓடி, மேற்கே அரபிக் கடலில் கலந்தது. கிழக்கே வைகை வறண்டு கிடந்தது.

அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன? இராமநாதபுரம் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை 1789-ம் ஆண்டிலேயே இப்படி யோசித்தார். செலவுக்குப் பயந்து விட்டுவிட்டார். கடைசியில் அதைச் செய்து முடித்தவர் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர். பெயர் ஜான் பென்னிகுயிக்.

அவர் பிறந்தது நம் நாட்டில்தான். 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, புனாவில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. 1849-ல் பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் நடந்த போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இங்கிலாந்தில் படித்தார். 1860-ல் சென்னை ராணுவ என்ஜினீயர் படை அதிகாரியாக இந்தியாவுக்குத் திரும்பினார். 1882-ல் பெரியாறு திட்டத்தைத் தீட்டும் வேலை அவரிடம் வந்தது.

எத்தனை அடி உயரம்?

அணையை எவ்வளவு உயரம் கட்டுவது? இதுதான் பெரிய கேள்வி.

மலைப் பள்ளத்தாக்கு ஒரு புனல் மாதிரி. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். ஆகவே எல்லா அடியும் ஒரே அடி அல்ல!

இதை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? மலைச் சரிவில் ஒரே உயரமுள்ள இடங்களை எல்லாம் குறித்து, வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பார்கள். கோட்டுக்குள் எத்தனை ஏக்கர் என்று அளப்பார்கள். சில அடி மேலே இன்னொரு கோடு. இரண்டு பரப்பின் சராசரியை இடையிலுள்ள உயரத்தால் பெருக்கினால், நடுவே நிற்கும் தண்ணீரின் அளவு கிடைக்கும். கீழிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் ஓர் அட்டவணை ஆகிவிடும். இவ்வளவு தண்ணீர் வந்தால் மட்டம் எத்தனை அடியில் நிற்கும் என்பதை அந்த அட்டவணையே சொல்லும்.

இன்று மலைகளின் உயரத்தை விண்கலத்திலிருந்தே அளக்கிறார்கள். ஆனால் அந்த ரேடார் தண்ணீருக்கு அடியில் பார்க்காது. ஏரியின் அடிமட்டம் தெரிய, அணைக்கு முன் நடந்து அளந்த கணக்கு வேண்டும். இல்லையேல் படகில் போய் ஆழம் பார்க்க வேண்டும்.

பெரியாற்றின் கணக்கைப் பாருங்கள். அணை நிறைந்தால் 152 அடி. அதில் கீழே உள்ள 104 அடியில் நிற்பது சுமார் 500 கோடி கன அடி. மேலே உள்ள 48 அடியில் மட்டும் சுமார் 1,050 கோடி கன அடி!

104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் நம் பக்கம் வராது. மலையைக் குடைந்த வழி அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது. கீழே நிற்கும் தண்ணீர் வெறும் ஏணி. அதன் தோளில் ஏறித்தான் மேல் தண்ணீர் மதுரைக்கு வருகிறது.

காட்டில் பட்ட பாடு

1887-ல் வேலை தொடங்கியது. யானைக் காடு. மலேரியாக் காய்ச்சல். பாதி கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள். நோயால் மட்டும் 483 தொழிலாளர் இறந்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. பென்னிகுயிக்கின் பெயர் நிலைத்தது. அந்த ஏழைகளின் பெயரை யார் அறிவார்?

சொந்தச் சொத்தை விற்று அவர் அணை கட்டினார் என்று தேனிப் பக்கம் சொல்வார்கள். ஆதாரம் தேடுவோர் தேடட்டும். காட்டில் பட்ட பாடு கதை அல்ல.

கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்து அணை எழுந்தது. மலைக்குள் ஒரு மைலுக்கு மேல் வழி குடைந்தார்கள். 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

அடிக் கணக்கு அத்துடன் ஓயவில்லை. பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 1979-ல் நீர்மட்டம் குறைக்கப்பட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. மிச்சம் 10 அடிதானே என்று எண்ணாதீர்கள். அந்த 10 அடியில் சுமார் 290 கோடி கன அடி அடங்கும்.

பென்னிகுயிக் 1911 மார்ச் 9-ந் தேதி இங்கிலாந்தில் காலமானார். கூடலூர் அருகே லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15-ந் தேதி அங்கே பொங்கல் வைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்தவர்களும் உண்டு.