ஸர் இராம்நாத் சோப்ரா

நம் நாட்டு மூலிகைகளைக் கண்மூடிப் புகழ்வாரும் உளர். காணாமலே இகழ்வாரும் உளர். இவ்விரு திறத்தார் வழியிலும் செல்லாது, மருந்தின் மெய்யைச் சோதனையால் நிறுத்துக் காட்டிய பெரியார் ஸர் இராம்நாத் சோப்ரா ஆவர். அன்னாரது வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1882-ஆம் ஆண்டில் பஞ்சாபைச் சார்ந்த குஜ்ரன்வாலாவிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வால்டர் டிக்ஸன் என்பார் இவருக்கு ஆசிரியராயினார். நரம்பானது ஒரு இரசாயனப் பொருளைச் சுரந்தே தன் ஏவலை உறுப்புக்கு உணர்த்துகின்றது என 1907-லேயே கருதியவர் டிக்ஸன். அதனை ஓட்டோ லோவி என்பார் சோதனையால் நிலைநாட்டியது 1921-ல். அவ்வாண்டிலேயே சோப்ரா கல்கத்தா உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் மருந்தியற் பேராசிரியராய் அமர்ந்தார்.

மருந்து மூளையிற் செய்யும் தொழிலை விளக்கச் செஞ்சிக் கோட்டையே சாலும். இராஜகிரியின் உச்சிக்குச் செல்வோர் ஆழ்ந்த பிளவொன்றைப் பாலத்தாற் கடந்தே வாயிலை அடைதல் வேண்டும். மூளையில் நரம்பணுக்களுக்கிடையே அத்தகைய நுண்ணிய பிளவுகள் உள. அவற்றைக் கடந்து செல்லும் தூதனே அவ்விரசாயனப் பொருள். அவனை அறிந்து திறக்கும் வாயிலே ஏற்பி. அபினியிலுள்ள மார்பின் தூதன் வேடம் பூண்டு வாயிலைத் திறப்பிக்கும். செஞ்சி வழியோரங்களிலும் முளைக்கும் ஊமத்தையின் நஞ்சோ, வாயிலை அடைத்து நின்று மெய்த்தூதனைப் புகவொட்டாது. அதனாற் சித்தம் கலங்கும். சர்ப்பகந்தி வாயிலைத் தீண்டாது, தூதரைச் சேமித்து வைத்த களஞ்சியத்தையே வெறுமையாக்கும்.

சர்ப்பகந்தியின் வேர் பித்துக் கொண்டாரை அமைதிப்படுத்த நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. 1931-ல் கணநாத் சேன், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதன் பயனை வெளியிட்டனர். சோப்ரா தம் துணைவருடன் அதனைப் பிராணிகளிற் சோதித்து, இரத்த அழுத்தத்தைத் தணித்து உடலை அயரச் செய்யும் என்பதை 1933-ல் எழுதினார். அவ்வேரினின்று ரெஸர்பின் என்னும் சத்தை 1952-ல் சுவிட்சர்லாந்தினர் பிரித்தெடுத்தனர். கொந்தளித்த மனநோயாளர் பலர் அதனால் அமைதியுற்றனர். சிலர் அதனை உண்டு ஆழ்ந்த சோர்வுற்றதையும் வைத்தியர் கண்டனர். களஞ்சியம் ஒழியின் கலகத்தோடு ஊக்கமும் ஒழியுமன்றோ!

கடைகளிற் போலி மருந்துகள் மலிந்து ஏழை நோயாளரை வஞ்சித்த காலமது. அதனை ஆராய அரசாங்கம் 1930-ல் நியமித்த குழுவுக்குச் சோப்ரா தலைமை பூண்டார். அதன் விளைவாய் 1940-ல் மருந்துச் சட்டம் பிறந்தது. அபினி, கஞ்சாப் பழக்கங்களையும் இவர் இகழ்ச்சியின்றி, நோயை ஆராயும் முறையிலேயே ஆராய்ந்தார்.

1973-ஆம் ஆண்டில் இவர் காலமானார். அபினியைப் பற்றும் ஏற்பி மூளையில் உண்டென்பதை அமெரிக்க அறிஞர் சோதனையாற் காட்டியதும் அவ்வாண்டிலேயே. மார்பினுக்கென வாயில் அமைந்ததன்று. உடல் தானே சுரக்கும் தூதருக்கென அமைந்த வாயிலில் அது நுழைகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மருந்தென்றும் நஞ்சென்றும் பொருளில் வேறுபாடு பெரிதன்று. எவ்வாயிலை, எவ்வளவிற் சென்று தட்டுகின்றது என்பதே வேறுபாடு. அதனை அளந்தறியாது உண்பதும் ஊட்டுவதும் தகா என்பதே சோப்ராவின் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடமாகும்.