சபாஹத்தின் அலி: அரசு மூட மூட பெயர் மாற்றி வந்த பத்திரிகையின் ஆசிரியர்

‘மடோனா இன் எ ஃபர் கோட்’ நாவலைப் படித்திருக்கிறீர்களா? புத்தகக் கடையிலாவது பார்த்திருப்பீர்கள். பெர்லினில் ஒரு ஓவியத்தில் மயங்கி, அதை வரைந்த பெண்ணையே காதலிக்கும் கூச்ச சுபாவமுள்ள துருக்கி இளைஞனின் கதை அது. 1943இல் துருக்கியில் புத்தகமாக வந்தது. பெங்குவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 2016இல்தான்.

ஆனால், அதை எழுதிய சபாஹத்தின் அலியின் பெயரைச் சொன்னால் துருக்கிக்காரர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும்: நாலே பக்கத்தில் வந்த ஒரு நையாண்டி வார இதழ். அதை நடத்தியவருக்கு இன்று ஒரு கல்லறைகூட இல்லை. என்ன நடந்தது?

யார் இவர்?

1907இல், அன்றைய உஸ்மானியப் பேரரசின் எரிதெரே ஊரில் பிறந்தார். இன்று அது பல்கேரியாவில் இருக்கிறது. அப்பா ராணுவ அதிகாரி. ஆசிரியர் பயிற்சி முடித்தவரை 1928இல் அரசே ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பியது. 1930இல் திரும்பி வந்து ஜெர்மன் மொழி ஆசிரியரானார். கவிஞர் நாசிம் ஹிக்மெத் பணியாற்றிய ‘ரெசிம்லி ஆய்’ இதழில் சிறுகதைகள் எழுதினார்.

ஒரு கவிதைக்கு சிறை, இன்னொன்றுக்கு வேலை

நாட்டின் தலைவர் அதாதுர்க்கைக் கிண்டல் செய்யும் கவிதையை நண்பர்கள் மத்தியில் வாசித்ததாக 1932 இறுதியில் கைதானார். கோன்யா, சினோப் சிறைகளில் இருந்தார். குடியரசின் 10ஆம் ஆண்டையொட்டி 1933இல் வந்த பொது மன்னிப்பில் வெளியே வந்தார்.

வெளியே வந்தால் போதுமா? அரசு வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமே. மனம் மாறிவிட்டதைக் காட்டு என்றார்கள். 1934 ஜனவரியில், ‘வர்லிக்’ என்ற இலக்கிய இதழில் அதாதுர்க்கைப் புகழ்ந்து ஒரு கவிதை வெளியிட்டார். வேலை கிடைத்தது. (1933இல் தொடங்கிய வர்லிக் இன்றும் வருகிறது.)

மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நமக்கு அந்த முடிவைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஆச்சரியம் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

மார்கோபாஷா: அப்படி என்ன எழுதினார்கள்?

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதினார், அங்காரா அரசு இசை, நாடகக் கல்லூரியில் வேலை பார்த்தார். 1945இல் அந்த வேலையும் போனது. இந்த முறை அவர் புகழ்ந்து எழுதவில்லை. 1946 நவம்பர் 25 அன்று இஸ்தான்புல்லில் ‘மார்கோபாஷா’ முதல் இதழ் வந்தது. கூட்டாளிகள் எழுத்தாளர்கள் அஸீஸ் நெசின், ரிஃபத் இல்காஸ், கார்ட்டூனிஸ்ட் முஸ்தபா உய்குசுஸ்.

பெயரிலேயே நக்கல் இருந்தது. யார் வந்து புலம்பினாலும் பொறுமையாகக் கேட்ட உஸ்மானிய கால மருத்துவர் மார்கோ பாஷா. உன் குறையைக் கேட்க இங்கே ஆளில்லை, போய் அவரிடம் சொல் என்பது துருக்கியில் பேச்சு வழக்கு. அந்த வேலையைப் பத்திரிகை எடுத்துக்கொண்டது. விலைவாசி, ஊழல், ஆளுங்கட்சியின் அடக்குமுறை என எதையும் விடவில்லை. சில இதழ்கள் 60,000 பிரதிகள் வரை விற்றதாகச் சொல்லப்படுகிறது.

வழக்குகளும் பறிமுதலும் தொடர்ந்தன. பறிமுதல் ஆகாத நாட்களில் மட்டும் வெளிவரும் என்று முகப்பிலேயே அச்சடித்தார்கள். பெயரைத் தடுத்தால்? ‘மெர்ஹும்பாஷா’ வந்தது, அதாவது காலமான பாஷா. பிறகு ‘மலும்பாஷா’, உங்களுக்குத் தெரிந்த அதே பாஷா. அப்புறம் ‘அலி பாபா’. பெயர் மாறினாலும் வாசகர்கள் கண்டுபிடித்து வாங்கினார்கள். உரிமையாளர் என்பதால் வழக்கு சபாஹத்தின் மேல் விழுந்தது. 1947இல் மீண்டும் சிறை.

எல்லையில் முடிந்த பயணம்

1948இல் எழுதி வாழ வழியில்லாமல் லாரி வாங்கி சரக்கு ஏற்றினார். வெளிநாடு போகலாம் என்றால் பாஸ்போர்ட் கொடுக்கவில்லை. திருட்டுத்தனமாக பல்கேரிய எல்லையைக் கடக்கக் கிளம்பினார். வழிகாட்ட வந்தவர் அலி எர்தெகின். 1948 ஏப்ரல் 2 அன்று, எல்லைக்கு அருகே சபாஹத்தின் கொல்லப்பட்டார். வயது 41. மகள் ஃபிலிஸுக்கு அப்போது 10 வயது.

உடல் ஜூனில் கிடைத்தது. செய்தி வெளியே வந்தது 1949 ஜனவரியில். தேசப்பற்றால் கொன்றதாகச் சொன்ன எர்தெகினுக்குக் கிடைத்த தண்டனை 4 ஆண்டுகள். அதையும் முழுதாக அனுபவிக்காமல் பொது மன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். பின்னால் உளவுத்துறை இருந்ததா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. உடல் எங்கே புதைக்கப்பட்டது என்றும் தெரியாது.

இப்போ இது ஏன் முக்கியம்?

அந்த நையாண்டி மரபு அவரோடு முடியவில்லை. 1972இல் ‘கிர்கிர்’ வந்தது. பிறகு ‘லெமான்’, 2002இல் ‘பெங்குவென்’. பெங்குவென் 2017இல் மூடப்பட்டது. ஒரு கார்ட்டூனுக்காக 2025 ஜூன் இறுதியில் லெமான் இதழைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள்.

அடுத்த முறை அந்தக் காதல் நாவலைக் கையில் எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதை எழுதியவர் வேலைக்காக ஒரு முறை பணிந்தவர்தான். இரண்டாவது முறை, வேலை போன பிறகும் அவர் பணியவில்லை.