வங்கக் கடலின் ஆழத்தை ஆராய்ந்த மருத்துவர் ஆல்காக்

ஆழ்கடல் ஆராய்ச்சியின் வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர் சேலஞ்சர். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்த ஆங்கிலேயக் கப்பல் அது. ஆனால் சேலஞ்சர் வங்கக் கடலுக்குள் வரவே இல்லை. நம் கரைக்கு அப்பால், ஆழத்தில் என்ன உயிர்கள் வாழ்கின்றன என்ற கேள்விக்குப் பின்னாளில் விடை தேடியவர்களில் முதன்மையானவர் ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக்.

படிப்பை இழந்த சிறுவன்

ஆல்காக் 1859-இல் பம்பாயில் பிறந்தார். தந்தை ஒரு கப்பல் தலைவர். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1876-இல் தந்தைக்குப் பண இழப்பு ஏற்பட்டது. மகனின் பள்ளிப் படிப்பு நின்றது. 17 வயதில் வயநாட்டின் காப்பித் தோட்டத்தில் இருந்த உறவினர்களிடம் அனுப்பப்பட்டார். காப்பித் தொழில் நலிந்தது. கல்கத்தாவில் ஓர் அலுவலக வேலை கிடைத்தது, அதுவும் நிலைக்கவில்லை.

அடுத்து அவருக்குக் கிடைத்தது, புருலியாவில் ஏழைக் கூலிகளைத் திரட்டி அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பும் முகவர் வேலை. வேறு மாநிலத்து இளைஞர்களை ஒப்பந்தக்காரர்கள் அழைத்து வருவதை நாள்தோறும் பார்க்கும் வல்லக்கோட்டை, ஒரகடம் பகுதி மக்களுக்கு அந்த வேலை எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. பழகிய ஒருவர் சில எளிய அறிவியல் நூல்களைக் கொடுத்தார். வேலை முடிந்த நேரத்தில் அவற்றைப் படித்தார். பின்னர் டார்ஜிலிங்கில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். அதன் பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மருத்துவம் பயின்று, 1885-இல் பட்டம் பெற்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

இன்வெஸ்டிகேட்டர் கப்பலில்

1888-இல் இந்தியக் கடல் அளவைத் துறையின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலுக்கு மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் நியமிக்கப்பட்டார். பம்பாயில் 1881-இல் கட்டப்பட்ட மரக்கப்பல் அது. பக்கச் சக்கரங்களை நீராவியால் சுழற்றி ஓடுவது. கடல் வரைபடம் தயாரிப்பதே கப்பலின் முதன்மையான பணி. உயிரினங்களைத் தேடுவதற்கு இடையிடையே கிடைத்த நேரம் மட்டுமே ஆல்காக்குடையது.

ஆழம் அளந்த பிறகு இரும்புக் கம்பியில் இழுவலையை இறக்குவார்கள். மேலே ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். வெயில் கொளுத்தும் தளத்தில் வந்து விழும் சேறோ சில்லென்று குளிர்ந்திருக்கும். அதற்குள் யாரும் கண்டிராத மீன்கள், நண்டுகள், இறால்கள், பவளங்கள் இருக்கும். மழைக்காலத்தில் கப்பல் பழுது பார்க்க நிற்கும்போது, கல்கத்தா அருங்காட்சியகத்தில் அமர்ந்து அவற்றை ஆராய்வார்.

அவருடைய ஆய்வுகளில் ஒன்று நம்மை வியக்க வைப்பது. குட்டி ஈனும் திருக்கை மீன் ஒன்றின் கருப்பையை ஆராய்ந்தார். உள்ளே நூல் போன்ற நீட்சிகள் இருந்தன. அவை குட்டியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியே நுழைந்து, பால் போன்ற சத்துநீரை ஊட்டின. ஜேம்ஸ் வுட்-மேசனுடன் இணைந்து இதை 1891-இல் வெளியிட்டார். கடலில் வாழும் ஒரு மீனின் கருவறையிலும் படைத்தவன் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சிந்திப்போருக்கு இது ஒரு பாடம்.

விட்டுச் சென்றவை

1892-இல் கப்பலை விட்டு இறங்கிய ஆல்காக், அடுத்த ஆண்டு கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். 1901-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் கடல் அனுபவங்களை 1902-இல் நூலாக்கினார். பிற்காலத்தில் லண்டனில் வெப்பமண்டல மருத்துவம் கற்பித்து, 1933-இல் மறைந்தார். அவருக்குப் பின் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்ற நெல்சன் அன்னண்டேலின் முயற்சியால், 1916-இல் இந்திய விலங்கியல் அளவைத் துறை உருவானது.

இன்று சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்லும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கி வருகிறது. நம் ஊர்களிலிருந்து சற்றுத் தொலைவில்தான் அந்தப் பணி நடக்கிறது. அங்கே நம் பிள்ளைகளும் பணியாற்ற வேண்டாமா?

குடும்பச் சூழலால் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகும் இளைஞர்கள் நம் தெருக்களில் பலர். அவர்களின் கல்வி முடிந்துவிட்டது என்று பெற்றோரும் ஜமாஅத்தும் முடிவு கட்டிவிடக் கூடாது. தொலைநிலைக் கல்வி இருக்கிறது, மாலை நேர வகுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டவும் கட்டணத்துக்கு உதவவும் நம்மால் முடியும். கூலிகளைத் திரட்டிய இளைஞரைக் கடலாய்வாளராக மாற்றிய பாதை, ஒருவர் கொடுத்த சில நூல்களில் தொடங்கியது.