பிஸ்மார்க் எண்ணியிராத முதுசம்

ஜேர்மனியை ஒன்றிணைத்தவர் என்று போற்றப்படும் ஒட்டோ வொன் பிஸ்மார்க்கை, அவர் நடத்திய போர்களைக் கொண்டே நாம் பெரும்பாலும் நினைவுகூருகின்றோம். ஆயினும், அப்போர்கள் வகுத்த எல்லைகள் பெரிதும் மாறிவிட்ட பின்னரும் நிலைத்து நிற்பது அவரது காலத்துச் சமூகக் காப்புறுதிச் சட்டங்களின் அடித்தளமேயாகும்.

1815 ஏப்ரல் முதலாம் திகதி நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1862 இல் பிரஷ்யாவின் பிரதம அமைச்சராகவும் 1871 இல் ஜேர்மன் பேரரசின் முதலாவது சான்சலராகவும் பதவியேற்றார். தொழிற்சாலைகள் பெருகிய அக்காலத்தில், நோயுற்ற அல்லது இயந்திரத்தில் அகப்பட்டு அங்கவீனமுற்ற தொழிலாளியின் குடும்பம் பிறர் தயவை நாடும் நிலையே பெரிதும் காணப்பட்டது. தொழிலாளர் மத்தியில் சமூக ஜனநாயக இயக்கம் வேரூன்றியது. 1878 இல் அதன் அமைப்புகளையும் பத்திரிகைகளையும் சட்டத்தால் தடைசெய்த பிஸ்மார்க், அடக்குமுறை மாத்திரம் போதாதெனக் கண்டார். அரசின் கையால் உதவி கிடைத்தால் தொழிலாளர் அரசுக்கே விசுவாசமாயிருப்பர் என்பது அவரது கணிப்பு.

எனவே, விபத்துக் காப்புறுதியை அரச நிறுவனமொன்று நடத்தவும் அரசு அதற்கு நிதி வழங்கவும் 1881 இல் அவர் திட்டமிட்டார். பாராளுமன்றம் அதற்கு இணங்கவில்லை. இழுபறியின் முடிவில் உருவானது வேறொன்று. 1883 ஆம் ஆண்டின் நோய்க் காப்புறுதிச் சட்டத்தின்படி தொழிலாளர் மூன்றில் இரண்டு பங்கையும், தொழில்தருநர் ஒரு பங்கையும் செலுத்தினர். நிதியங்களின் நிருவாகத்திலும் அதற்கேற்பவே இடம் பெற்றனர். 1884 ஆம் ஆண்டின் விபத்துக் காப்புறுதியைத் தொழில்தருநரின் சங்கங்கள் தமது செலவிலேயே நடத்தின. 1889 ஆம் ஆண்டின் சட்டம், 70 வயதை எட்டியோருக்கும் உழைக்கும் ஆற்றலை இழந்தோருக்கும் ஓய்வூதியம் வழங்கியது. அதற்கு இரு தரப்பினரும் சமமாகச் செலுத்த, அரசும் உதவியது.

அவரது கணிப்பு பலிக்கவில்லை. 1890 ஆம் ஆண்டுத் தேர்தலில் சமூக ஜனநாயகவாதிகளே அதிக வாக்குகளைப் பெற்றனர். அவ்வாண்டிலேயே அவர் பதவியிழந்தார். 1898 இல் காலமானார். அவர் ஒடுக்க முனைந்த இயக்கத்தவர்களோ நோய்க் காப்புறுதி நிதியங்களின் சபைகளுக்குத் தெரிவாகி, பொதுப் பணத்தை நிருவகிக்கப் பழகினர்.

இத்தகைய சுயநிருவாகத்தைச் சர்வாதிகாரம் பொறுக்காது. 1934 இல் நாஜி ஆட்சி அதனை ஒழித்தது. 1951 இல் மேற்கு ஜேர்மனி மீண்டும் நிலைநாட்டியது. இன்று பெரும்பாலான காப்புறுதி நிறுவனங்களில் காப்புறுதி செய்தோரும் தொழில்தருநரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகின்றனர். மேன்முறையீடுகளை விசாரிக்கும் குழுக்களிலும் பங்கேற்கின்றனர். சட்டம் மீறப்படாதிருப்பதை அரசு கண்காணிக்கின்றது. ஆறு ஆண்டுகளுக்கொருமுறை தேர்தல் உண்டு. எனினும், ஆசனங்களின் எண்ணிக்கைக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் இல்லாமையால் பல நிறுவனங்களில் வாக்களிப்பே நடைபெறுவதில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது.

தொழிலாளரை அரசின் நன்றிக்கடனாளியாக்க விரும்பிய ஒருவரின் காலத்தில், அவர்கள் தமது நிதியத்தின் பங்காளிகளாயினர். வியர்வை சிந்திச் செலுத்திய பணம் சலுகையன்று, உரிமையாகும். அதனைச் செலுத்துவோருக்கு அதன் நிருவாகத்திலும் குரல் இருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.