வந்தாறுமூலை தந்த வாழ்வு: திரு. வ. நல்லையா

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளவுக்குள் கால்வைக்கும் நம் இளைஞர் எவரும் நல்லையா மண்டபம் என்னும் பெயரைக் கேளாதிருக்க முடியாது. அந்த நல்லையா யாவர் என வினவினால், விடை பகர வல்லார் முதியோருள் சிலரே. அக்குறையைச் சிறிதேனும் நீக்கவே இதனை எழுதுகின்றோம்.

வல்லிப்புரம் நல்லையா அவர்கள் 1909 ஆம் ஆண்டு பிறந்தவர். ஆசிரியத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதிப் பிரதிநிதியாயிருந்த திரு. இ. ஆர். தம்பிமுத்து அவர்கள் ஆசனம் இழந்ததன் பின், 1943 இல் அவ்விடத்துக்குத் தெரிவாகி அரசாங்க சபை புகுந்தார்.

அடுத்த ஆண்டே அவருக்கு ஒரு பெருஞ்சோதனை காத்திருந்தது. சிங்களத்தை நாட்டின் அரசகரும மொழியாக்க வேண்டுமென்று திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த பிரேரணை 1944 மே மாதத்தில் விவாதத்துக்கு வந்தது. சிங்களம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தமிழும் இடம்பெற வேண்டுமெனத் திருத்தம் பிரேரித்தவர் நம் நல்லையாவே. சபைக்குப் புதியவர், ஆசிரியர், கிழக்கிலங்கையர். எனினும் சபை இணங்கியது. திருத்தப்பட்ட பிரேரணை 27 வாக்குகளுக்கு 2 என நிறைவேறிற்று. அன்று இரு மொழிகளையும் ஆதரித்துப் பேசியோருள் திரு. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் ஒருவர். 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே! நல்லையா அவர்கள் சேர்த்த அந்த ஒரு சொல் பன்னிரண்டு ஆண்டுகளில் வீணாயிற்று.

வீணாகாதது மற்றொன்று உண்டு. அக்காலத்தில் மேற்படிப்பு என்றால் பட்டினத்துக் கல்லூரிகளே. படுவான்கரை வயற்காரர் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும் வாவியைக் கடந்து வரவேண்டும். தங்க இடம் வேண்டும். சம்பளம் கட்டப் பணம் வேண்டும். மூன்றும் ஒருங்கே வாய்த்தவர் எத்தனை பேர்? கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளும், அவற்றில் விடுதியும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் அதன் பயன்கள். அத்தகைய கல்லூரியொன்று 1946 இல் வந்தாறுமூலையில் அமைந்தது நல்லையா அவர்களின் முயற்சியால். பட்டினத்திலன்றி, வடக்கே வயல் சூழ்ந்த கிராமத்தில் அதனை அமைத்ததே அன்னாரின் தீர்க்கதரிசனம் என்போம்.

1947 முதல் 1956 வரை கல்குடாத் தொகுதியின் பாராளுமன்றப் பிரதிநிதியாயிருந்தார். 1952 இல் டட்லி சேனநாயக்கா அவர்களின் மந்திரிசபையில் தபால் மந்திரியானார். மந்திரி பதவியைப் பற்றி நம்மவர் பெருமையாகப் பேசுவதுண்டு. எமக்கோ வந்தாறுமூலைதான் பெரிதாகத் தோன்றுகின்றது.

1976 டிசம்பரில் அன்னார் காலமானார். ஐந்தாண்டுகள் கழித்து, 1981 இல், அக்கல்லூரி வளவிலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வயற்காரர் பிள்ளைகள் பட்டம் பெறப் பட்டினம் போகவேண்டியிருக்கவில்லை.